நெல் விளைந்த மனையில் மா ஏன் நிற்கவில்லை? மன்னார்குடிப் பக்கத்துக் கொல்லை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் வழியில், வயலாக இருந்து மனையாகப் பிரிக்கப்பட்ட இடம் அது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் வீடு கட்டிக் குடிவந்தார்கள். பின்னால் அகலமான கொல்லை. வந்த வருஷமே ஒட்டு மா நான்கு, எலுமிச்சை இரண்டு, பலா ஒன்று, கொய்யா, சப்போட்டா, பெருநெல்லி என்று வரிசையாக நட்டார்கள். மூன்றடிக் குழி வெட்டி, செம்மண், ஆற்று மணல், மக்கிய எரு, வேப்பம் பிண்ணாக்கு எல்லாம் கலந்து போட்டு, முறையாகத்தான் நட்டார்கள். உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

முதல் இரண்டு வருஷம் கன்றுகள் தளதளவென்று வந்தன. மூன்றாம் வருஷம் கார்த்திகை மழை ஓய்ந்த கையோடு பலா வாடியது. தை பிறப்பதற்குள் பட்டுப்போனது. அந்தக் கோடையில் மாங்கன்றுகளின் இலை நுனி கருகி, கருகல் ஓரமாக உள்ளே இறங்கியது. நான்கில் இரண்டு போய்விட்டன. எலுமிச்சையில் புதுத் துளிர் எல்லாம் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை. கொய்யா சுமார். சப்போட்டாவும் நெல்லியும் மட்டும் எதுவுமே நடக்காததுபோல் நின்றன.

நான் அந்தக் கொல்லையைப் பார்த்தது இந்த நிலையில்தான். அதற்குள் நிறையப் பணம் செலவாகியிருந்தது. கன்று வாங்கிய இடத்தில் இரும்புச் சத்து தெளிக்கச் சொன்னார்கள். உரக்கடையில் வேர் அழுகல் என்று பூஞ்சாண மருந்து கொடுத்தார்கள். யாரோ ஜிப்சம் போடச் சொல்ல, அதுவும் ஒரு மூட்டை போட்டாயிற்று. ஒவ்வொருவரும் இலையைப் பார்த்து வைத்தியம் சொன்னார்களே தவிர, மண்ணைத் தோண்டிப் பார்க்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

“தஞ்சாவூர் மண்ணு தம்பி இது. குச்சியை ஊனினா தழைக்கும்னு சொல்லுவாங்க. இங்க போய் மண்ணைச் சோதிக்கணுமான்னு நெனச்சோம்” என்றார் ஆசிரியர். டெல்டாவில் பிறந்த எல்லோரும் நினைப்பதுதான் இது. இந்தக் கொல்லை பட்ட பாட்டுக்கு வேர் அந்த நினைப்பில்தான் இருக்கிறது என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

எது செத்தது, எது பிழைத்தது

ஒரே கொல்லை, ஒரே தண்ணீர், ஒரே எரு. ஆனால் எல்லா மரமும் ஒரே மாதிரி பாதிக்கப்படவில்லை. பலா தேங்கும் நீரைத் தாங்காது. மா உப்பைத் தாங்காது. சோடியமோ குளோரைடோ மிகுந்தால் இலை நுனியிலிருந்து கருகும். எலுமிச்சை வகைகள் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பை எடுக்க முடியாமல் மஞ்சளாகும். சப்போட்டா உப்பை ஓரளவு தாங்கும். நெல்லியோ களர் நிலத்துக்கென்றே, அதாவது சோடியம் மிகுந்த கார மண்ணுக்கென்றே, பரிந்துரைக்கப்படும் மரம். ஆகப் பிழைத்த மரங்களும் செத்த மரங்களும் சேர்ந்து ஒரே திசையைத்தான் காட்டின: கீழே தண்ணீர் வடியவில்லை, மண்ணில் காரத்தன்மை இருக்கிறது. ஒரே நோய் இத்தனை வகை மரத்தில் இப்படி வெவ்வேறு விதமாகக் காட்டுவது அரிது.

ஆனால் இது ஊகம்தான். ஊகத்தை வைத்து வைத்தியம் செய்துதான் ஏற்கெனவே இவ்வளவு செலவாகியிருக்கிறது. அதனால் இரண்டு வேலை செய்தோம். அந்த இடத்தின் பழைய கதையைக் கேட்டோம், அப்புறம் தோண்டினோம்.

மனையின் பழைய கதை

பக்கத்துத் தெருவில், அந்த வயலில் பல வருஷம் நடவு நட்ட ஒரு அம்மா இருந்தார். கேட்டதும் தயங்காமல் சொன்னார்: “அது பள்ளக் கட்டுப்பா. சம்பா மட்டுந்தான் ஏதோ வரும். தண்ணி லேசுல வடியாது. கோடையில போய்ப் பாத்தா மண்ணு கருத்து வெடிச்சுக் கெடக்கும், ஓரமெல்லாம் வெள்ளையாப் பூத்துருக்கும். தக்கைப்பூண்டு வெதச்சு மடக்கி உழுதாத்தான் அடுத்த போகம்.”

இந்த நாலு வரியில் பாதி ஆய்வறிக்கை இருக்கிறது. மனை வாங்கும்போது பத்திரத்தில் வில்லங்கம் பார்க்கிறோம். அந்த வயலில் வேலை செய்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. எந்த மூலையில் நாற்று பிடிக்காது, எந்தப் பக்கம் தண்ணீர் நிற்கும், வரப்பு எங்கே இருந்தது, திடல் என்கிற மேட்டு நிலம் எது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். இந்தத் தகவலுக்கு எந்த ஆய்வகமும் மாற்று இல்லை.

வீடு கட்டும்போது மனையை உயர்த்த மண் அடித்திருக்கிறார்கள். ஆசிரியரின் மனைவிக்கு அது நன்றாக நினைவிருந்தது. முதலில் வந்தது பழைய வீடு இடித்த இடிபாடு, செங்கலும் காரையும். அதன்மேல் கிராவல். கடைசியில், தோட்டத்துக்கு வேண்டும் என்று அவர்களே கேட்டு வாங்கிய படுகை மண். கண்ணுக்குத் தெரிந்தது அந்தப் படுகை மண் மட்டும்தான். அதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

மூன்று ஆழம், மூன்று மண்

வாய்க்காலில் தண்ணீர் இல்லாத சித்திரை மாதத்தில், பட்டுப்போன மாமரத்துக்கும் எலுமிச்சைக்கும் நடுவில் ஒரு குழி, நெல்லிக்குப் பக்கத்தில் ஒன்று, கொல்லைக் கோடியில் இரண்டு என்று வெட்டினோம். ஒவ்வொன்றும் மூன்றடி ஆழம். குழியின் சுவரைக் கத்தியால் சீவிப் பார்த்தால் அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. மேலே பழுப்பான படுகை மண், கையில் உதிர்ந்தது. அதன் கீழ் கிராவலும் காரையும் கலந்த ஒரு பட்டை. அந்தக் காரையில் கொஞ்சம் வினிகரை விட்டதும் நுரைத்தது. சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். அதற்கும் கீழே பழைய வயல். கடப்பாரை போட்டால் ணங்கென்று சத்தம் வந்தது. வருஷக்கணக்காகச் சேறடித்து உழுததில் இறுகிப்போன அடுக்கு அது. ஒருவழியாக அதை உடைத்தால் உள்ளே ஈரக் களிமண். விரலுக்கிடையில் நாடாவாக நீட்டினால் அறுபடாமல் வந்தது.

ஒவ்வொரு அடியிலிருந்தும் தனித்தனியாக மாதிரி எடுத்து ஆய்வகத்துக்குக் கொடுத்தோம். முடிவு இதுதான். மேல் ஒரு அடியில் கார அமில நிலை, அதாவது பி.எச்., 8-க்குக் கீழே. எந்தக் குறையும் சொல்ல முடியாது. இரண்டாவது அடியில் 8.5-ஐத் தாண்டியது, சுண்ணாம்பும் மிகுதி. மூன்றாவது அடியில் 9-ஐத் தொட்டது. பி.எச். ஒரு எண் கூடினால் பத்து மடங்கு மாற்றம் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். 8-க்கும் 9-க்கும் உள்ள தூரம் காகிதத்தில் தெரிவதுபோல் சின்னதில்லை.

உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மூன்று ஆழத்திலும் 1-க்குக் கீழேதான் இருந்தது. நம் ஆய்வகங்களின் கணக்கில் 1 டெசிசைமனுக்குக் கீழ் என்றால் தீங்கில்லை. 1 முதல் 3 வரை உப்பு தாங்காத பயிருக்குக் கெடுதல். அதற்கு மேல் எல்லாவற்றுக்குமே கெடுதல். ஆக இது உவர் நிலம் இல்லை. பி.எச். அதிகம், கரையும் உப்பு குறைவு, களியில் சோடியம் ஒட்டியிருக்கிறது. களர்.

இந்த வேறுபாடு தெரியாமல் கையை வைக்கவே கூடாது. உவர் என்றால் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கரைத்து வடித்துவிட்டால் பெரும்பாலும் சரியாகும். களரில் அப்படித் தண்ணீர் விட்டால் சோடியம் களியைக் கரைத்து மண்ணின் துளைகளை அடைத்து இன்னும் மோசமாக்கும். அதற்கு முதலில் ஜிப்சம் வேண்டும். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் சோடியத்தை வெளியே தள்ளும். அப்படி வெளியே வந்த சோடியம் தண்ணீரோடு வடிந்து போக வழி வேண்டும். இவர்கள் ஜிப்சம் போட்டது மேல் ஒரு அடியில். அங்கே குறையே இல்லை. குறை இருந்த மூன்றாவது அடிக்கு அது போய்ச் சேரவும் இல்லை, போயிருந்தாலும் வடிய வழி இல்லை.

நெல் மறைத்து வைத்த குறை

இதே மண்ணில்தானே நெல் விளைந்தது என்று ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி.

நெல்லுக்கு வேண்டியதும் பழ மரத்துக்கு வேண்டியதும் நேர் எதிர். நெல்லுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். அதற்காகத்தான் சேறடிக்கிறோம், மாட்டையும் டிராக்டரையும் விட்டு மிதிக்கிறோம். அடியில் இறுகிய அடுக்கு உண்டானால் தண்ணீர் கீழே இறங்காது. அது நல்ல வயலுக்கு அடையாளம். நெல்லின் தண்டு வழியாகவே காற்று வேருக்குப் போய்விடும் என்பதால் சேற்றில் அதற்கு மூச்சு முட்டாது. மாவுக்கும் பலாவுக்கும் அந்த வசதி கிடையாது. அவற்றின் வேருக்கு மண்ணிலேயே காற்று வேண்டும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. மண்ணில் தண்ணீர் கட்டி நிறுத்தினால் சில வாரத்தில் அதன் பி.எச். நடுநிலைக்கு அருகில் வந்துவிடும். அமில மண் மேலே ஏறும், கார மண் கீழே இறங்கும். கூடவே இரும்பு கரைந்து பயிருக்குக் கிடைக்கும். தண்ணீர் வடிந்து காய்ந்ததும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதாவது நெல் நின்ற வரையில் அந்த மண்ணின் குறை வெளியே தெரியவே இல்லை. வயல் மனையானதும், தண்ணீர் கட்டுவது நின்றதும், அந்தக் குறை எலுமிச்சையின் இலையில் வந்து நின்றது. துத்தநாகம் மட்டும் நெல்லிலேயே காட்டிக்கொடுக்கும். அதனால்தான் டெல்டாவில் நடவின்போது ஏக்கருக்குப் பத்துக் கிலோ ஜிங்க் சல்பேட் போடும் பழக்கம் வந்தது. மற்ற குறைகளை நெல் பொறுத்துக்கொண்டது.

ஆக, “நல்ல நெல் விளைஞ்ச பூமி” என்பது பழ மரத்துக்கு நற்சான்றிதழ் இல்லை. அந்த மண்ணைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்கு அதுவே காரணம்.

இரண்டு வருஷம் ஏன் நன்றாக வந்தது

களிமண்ணில் குழி வெட்டி, உள்ளே உதிரியான செம்மண்ணும் மணலும் எருவும் போட்டால் அந்தக் குழி ஒரு சிமெண்டுத் தொட்டி மாதிரி ஆகிவிடுகிறது. சுற்றிலும் தண்ணீர் இறங்காத சுவர். கன்று சின்னதாக இருக்கும்வரை அந்தத் தொட்டிக்குள் இருக்கும் நல்ல மண் போதும். மூன்றாம் வருஷம் வேர் சுவரைத் தொடும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் சுற்றியுள்ள தண்ணீர் எல்லாம் உதிரி மண் இருக்கும் குழிக்குள் வந்து சேரும், வெளியே போகாது. பலா அப்படித்தான் மூழ்கியது. மா கொஞ்சம் தாக்குப்பிடித்து, கோடையில் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சியபோது சோடியத்தையும் சேர்த்து உறிஞ்சியது.

கன்று விற்றவரைக் குறை சொல்லவும் முடியாது, நட்டவர்களைக் குறை சொல்லவும் முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். நட்ட முதல் வருஷம் எந்தக் கன்றும் உண்மையைச் சொல்லாது. கத்தரியோ வெண்டையோ என்றால் அடுத்த பட்டத்தில் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். மரம் அப்படியில்லை, அது தவறான இடத்தில் இருக்கிறது என்று தெரியும்போது மூன்று, நான்கு வருஷம் போயிருக்கும். வயதானவர்களுக்கு அந்த நான்கு வருஷம் சின்ன விஷயமா? பேரப்பிள்ளைகள் வரும்போது பறித்துக் கொடுக்கலாம் என்று நட்ட மரங்கள் அவை.

மண் வள அட்டை இருந்தால் போதாதா

அரசின் மண் வள அட்டைத் திட்டம் 2015-இல் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் அது வயலுக்கானது. தொடக்க வருஷங்களில் பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்ற கணக்கில் எடுத்தார்கள். அதுவும் மேல் அரை அடி மண்ணில். மனை போட்டு, மண் அடித்து உயர்த்திய உங்கள் கொல்லைக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பே இருக்காது. கொல்லைக்கென்று தனியாக மாதிரி எடுத்தே ஆக வேண்டும்.

எடுப்பது சிரமம் இல்லை. நட நினைக்கும் இடங்களில் நாலைந்து குழி வெட்டி, முதல் அடி, இரண்டாம் அடி, மூன்றாம் அடி மண்ணைத் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். எல்லாக் குழியின் முதல் அடி மண்ணையும் ஒன்றாகக் கலக்கலாம். முதல் அடியையும் மூன்றாம் அடியையும் மட்டும் கலக்கவே கூடாது. கலந்தால் நல்லதும் கெட்டதும் சேர்ந்து நடுவாக ஒரு எண் வரும், அதை நம்பிக் குழி வெட்டுவோம். கொல்லையின் ஒரு பகுதி வேறு நிறமாகவோ பள்ளமாகவோ இருந்தால் அதற்குத் தனி மாதிரி. எருக்குழிப் பக்கம், சாம்பல் கொட்டிய இடம், சிமெண்டு கலந்த இடம் வேண்டாம். நிழலில் உலர்த்தி, கட்டிகளை உடைத்து, நாலாகப் பங்கிட்டு எதிரெதிர்ப் பங்கை ஒதுக்கிக்கொண்டே வந்தால் அரைக் கிலோ மிஞ்சும். அதைச் சுத்தமான பையில் போட்டு, ஆழத்தை எழுதி வைக்க வேண்டும். உரச் சாக்கில் போட்டுக் கொண்டுபோகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சாக்கில் ஒட்டியிருக்கும் உரமும் சேர்ந்துதான் முடிவில் வரும்.

போர் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொடுங்கள். இந்த வீட்டில் போர் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம் என்று வந்தது. அப்படிப்பட்ட தண்ணீர் மண்ணில் உள்ள கால்சியத்தைப் படியவைத்துவிட்டு சோடியத்தை விட்டுச் செல்லும். மண்ணைத் திருத்திவிட்டு அதே தண்ணீரை ஊற்றினால் மறுபடி முதலிலிருந்து.

ஆய்வகத்துக்கு முன்பே வீட்டில் ஒரு சோதனை செய்யலாம், செலவே இல்லை. இரண்டடிக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்புங்கள். அடுத்த நாள் இதே நேரத்துக்கும் தண்ணீர் நின்றால், அந்த இடத்தில் பலாவும் பப்பாளியும் நடவே வேண்டாம். இதைச் செய்யாமல் கன்று வாங்கப் போகாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன. திருவாரூர் மாவட்டத்துக்கு நீடாமங்கலத்திலும், நாகப்பட்டினத்துக்குச் சிக்கலிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் உண்டு. தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண் மற்றும் நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. போவதற்கு முன் பேசிவிட்டு, பழ மரத்துக்கு என்று சொல்லிக் கொடுங்கள். பி.எச். 8.5-க்கு மேல் வந்தால் ஜிப்சம் தேவையையும் கணக்கிட்டுத் தரும்படி கேளுங்கள். மூட்டைக் கணக்கில் குத்துமதிப்பாகப் போடுவதற்கு அர்த்தமே இல்லை.

டெல்டா ஒரே மண் இல்லை

இந்தக் கொல்லையின் முடிவை எடுத்துக்கொண்டு பட்டுக்கோட்டையில் போய்ச் சொல்ல முடியாது. 1934-இல் கல்லணைக் கால்வாய் வந்த பிறகு பாசனம் பெற்ற ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் பெரும்பாலும் செம்மண், மணல் கலந்தது. தண்ணீர் நிற்காது, அங்கே கவலை வேறு, சத்து தங்காதது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்த பிறகு அங்கே பலர் மாவும் பலாவும் வைத்தார்கள். மண் காற்றோட்டமானது என்பதால் பலாவுக்கு அந்த மண் ஒத்துவரும், ஆனால் அங்ககக் கரிமமும் நுண்ணூட்டமும் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு வைத்தால்தான் காய்ப்பு நிற்கும்.

வேதாரண்யத்தில் ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் மாந்தோப்பு. மேட்டு மணலில் மழை நீர் தேங்கி, கீழே உள்ள உப்பு நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. மா அந்த நல்ல நீரில்தான் வாழ்கிறது. ஆழமாகப் போர் போட்டு இழுத்தால் உப்பு மேலே வரும். அங்கே மண்ணைவிடத் தண்ணீரைச் சோதிப்பது முக்கியம். ஒரு முறை பார்த்தால் போதாது, கோடையின் கடைசியில் பார்க்க வேண்டும்.

காவிரி, வெண்ணாற்றுப் படுகைகளில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆழமான வண்டல், வடிகால் உண்டு. அவர்களும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. வருஷக்கணக்காக டி.ஏ.பி. உரம் போட்ட வாழைக் கொல்லை என்றால் அதில் உள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் ஏற்கெனவே மிகுந்திருக்கலாம். அது மேலும் கூடினால் துத்தநாகம் கிடைக்காமல் போகும்.

இப்போது அந்தக் கொல்லையில்

மிஞ்சிய இரண்டு மாவில் ஒன்றைக் காப்பாற்றப் பார்க்கிறோம், இன்னொன்றை எடுத்துவிட்டார்கள். கொல்லையின் கிழக்கு ஓரம் மற்ற இடத்தைவிடத் தாழ்வு என்பதால், அங்கே மூன்றடி ஆழத்தில் ஒரு வடிகால் வெட்டி தெரு வாய்க்காலில் சேர்த்தாயிற்று. இதுதான் முதல் வேலை. இது இல்லாமல் மற்றதெல்லாம் வீண். அப்புறம் இறுகிய அடுக்கைக் கடப்பாரையால் உடைத்து, ஆய்வகம் சொன்ன அளவு ஜிப்சத்தை அந்த ஆழத்திலேயே கலந்து, மழைத் தண்ணீரை நிறுத்தி வடியவிட்டோம். நடவு நட்ட அந்த அம்மா சொன்னபடி தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் முன் மடக்கி மண்ணில் சேர்த்தார்கள். களரில் செழித்து வளர்ந்து மண்ணைத் திருத்தும் பயிர் அது. ஆராய்ச்சிக்காரர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்.

புதுக் கன்றுகளில் நாவலும் இன்னொரு சப்போட்டாவும் தரையிலேயே இருக்கின்றன. எலுமிச்சையை மட்டும் விட மனமில்லை என்றார் ஆசிரியரின் மனைவி. “ஊறுகாய்க்கு வெளிய வாங்குறதா தம்பி?” என்று கேட்டார். அதற்காக இரண்டடி உயரம், ஆறடி அகலத்தில் மேடு போட்டு, காரை இல்லாத மண்ணாகச் சோதித்துக் கொண்டுவந்து நட்டிருக்கிறோம். மாடித் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து அதற்கு ஊற்றுகிறார்கள். பலா வேண்டாம் என்று இருவருமே ஒத்துக்கொண்டார்கள்.

அதே தெருவில் நாலு மனை தள்ளி வீடு கட்டிக்கொண்டிருப்பவர், கன்று வாங்கும் முன் மாதிரி எடுத்துக் கொடுத்தார். அவர் மனை பழைய திடல். மூன்று அடியிலும் பி.எச். 8-ஐத் தாண்டவில்லை, ஊற்றிய தண்ணீர் சாயங்காலத்துக்குள் இறங்கிவிட்டது. அவர் பலா வைக்கிறார்.

ஆசிரியர் வீட்டு மூன்றாவது அடி மண்ணை அடுத்த சித்திரையில் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். பி.எச். 8.5-க்குக் கீழ் இறங்கியிருந்தால்தான் அங்கே மா வைப்பது பற்றிப் பேச்சு.